குனி வரைந்த ஐந்தாவது அட்டை

அட்டையில் இருப்பது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். வரைந்ததே நான்தான். நீளமாக இரண்டு மூங்கில், நடுவில் குறுக்கே சின்னச் சின்னக் கட்டைகள், சுவரில் சாத்திவைத்து ஏறுவது. அப்பா இதில் ஏறித்தான் ஓடு மாற்றினார், கீழே நான் பிடித்துக்கொண்டு நின்றேன், விட்றாத விட்றாத என்று மேலிருந்து கத்தினார், அவருடைய குதிகால் வெடிப்பில் சுண்ணாம்பு அப்பியிருந்தது, எல்லாம் வருகிறது, அந்தச் சுண்ணாம்புகூட வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை. மூன்றாம் வகுப்பு மொத்தமும் என் கையையே பார்க்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்த பிள்ளைகள், அவித்த முட்டை வாசம் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை, வெளியே மில் ஓடுகிற சத்தம் நிற்காமல் ஒரே மாதிரி கேட்கிறது, நான் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன். யாருக்கும் சந்தேகம் வராது. இந்த வருஷம் முழுக்க நான் இப்படித்தான் நிற்கிறேன், பேசாமல் படத்தைக் காட்டி, பிள்ளைகள் சொல்லட்டும் என்று காத்திருந்து. தமிழ் தெரியாத குனிக்காகவும், எழுத்தைப் பார்த்தால் எழுத்து ஓடிப்போகிறது என்று அழுகிற நவநீதனுக்காகவும் டீச்சர் மெதுவாக நடத்துகிறார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் இப்போது காத்திருப்பது அவர்களுக்காக இல்லை. அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறேன். சொல்லுங்கடா, யாராவது சொல்லுங்கடா. "ஏணி!" என்று முன்வரிசையிலிருந்து நவநீதன் கத்தினான். ஏணி. ஆமாம், ஏணி. இரண்டே எழுத்து, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது? "சபாஷ் கண்ணு" என்றேன், அதுவும் போய்விடுவதற்குள்.

போன பங்குனி மாதத்தில் ஒரு காலை இப்படித்தான் தொடங்கியது. அடுப்பில் சட்னிக்குத் தாளிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, வீட்டுக்காரரிடம் கரண்டியை எடுத்துக் கொடுங்க என்று கேட்க வாயைத் திறந்தேன், நாளைக்கு என்று வந்தது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், நாளைக்கு என்ன என்றார். நாளைக்கு என்றேன். கரண்டியைக் கையால் காட்டினேன், நாளைக்கு, நாளைக்கு. எண்ணெய் புகைந்தது. அப்போதுதான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், மூளைக்குப் போகிற ஒரு சின்னக் குழாயில் அடைப்பு, கைகால் தப்பித்தது, பேச்சில்தான் கை வைத்திருக்கிறது என்றார்கள். படுத்துக்கிடந்த நாளெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. தண்ணீர் வேண்டுமா, நாளைக்கு. வலிக்கிறதா, நாளைக்கு. உங்கள் பெயர் என்ன அம்மா, நாளைக்கு. நாத்தனார் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, என் தலைக்கு மேலேயே, "புத்தி பெசகிருச்சுங்களா அண்ணா? இனி இவங்கள வெச்சு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். எனக்குக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. பெசகிருச்சுங்களா என்பதில் அவள் ளா-வைக் கொஞ்சம் இழுத்ததுகூடக் கேட்டது. நான் உள்ளே முழுசாக இருந்தேன். கோபம் இருந்தது, கணக்கு இருந்தது, அடுப்பை அணைத்தோமா என்ற கவலை இருந்தது, நாத்தனாரை என்ன திட்ட வேண்டும் என்றுகூடத் தெரிந்தது. அதற்கு மேல் மூடியைப் போட்டு இறுக்கித் திருகியதுபோல வாய். வார்த்தையே இல்லாமல் நினைக்க முடியுமா என்று முன்னே யாராவது கேட்டிருந்தால், இருபது வருஷத்துக்கு மேல் தமிழ் நடத்துகிற நான், முடியாது என்று அடித்துச் சொல்லியிருப்பேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த சின்னப் பெண் என் முன்னால் படங்களைப் பரப்பினாள். சீப்பு, சாவி, குடை. "அவசரமே இல்லம்மா, மெதுவா" என்று சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக உடைத்துச் சொன்னாள். என் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை பெண்ணே என்று சொல்லத் தோன்றியது. நாளைக்கு என்றேன்.

அது மறுபடி வந்துவிடுமோ என்ற பயம்தான் இப்போதும். வார்த்தைகள் திரும்பி வந்துவிட்டன, ஒவ்வொன்றாக, வெளியூர் போயிருந்த ஆட்கள் ஊருக்குத் திரும்புவது மாதிரி. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நான் பேசினேன். பள்ளியில் டைபாய்டு என்று சொல்லிவைத்தோம், வீட்டுக்காரர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். ஆனாலும் அந்த நாளைக்கு போகவில்லை, நாக்குக்கு அடியில் எங்கோ படுத்திருக்கிறது, வேறொரு வார்த்தை தடுக்கி விழுந்தால் அந்த இடத்துக்கு எழுந்து வரத் தயாராக. அதனாலேயே நாளைக்குப் பரீட்சை என்று பிள்ளைகளிடம் சொல்வதில்லை, மறுநாள் என்கிறேன். காலண்டரைப் பார்த்துக் கிழமையைச் சொல்கிறேன். தேவையில்லாமல் அந்த வார்த்தையை எழுப்பிவிட வேண்டாம் என்று. இது கிறுக்குத்தனம் என்று தெரியும். இரவில் வீட்டுக்காரர் தூங்கியபிறகு காய்கறிப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பதும் கிறுக்குத்தனம்தான். கத்தரி, வெண்டை, அவரை, புடலை, பீர்க்கு, அங்கே ஒரு நிமிடம் நிற்கும், சுரை.

குனி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது, ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் நூல் மில்லில், குடியிருப்பும் மில்லுக்குள்ளேயே. முதலில் இந்திப் பிள்ளை என்றார்கள், வடக்கேயிருந்து வருகிற எல்லாருமே இங்கே இந்திக்காரர்கள்தான். இந்தி பேசுகிற பீகார்ப் பிள்ளைகளை விட்டுப் பேசச் சொன்னால் அவர்களையும் வெறித்துப் பார்த்தாள். அப்புறம்தான் அவள் ஒடிசாக்காரி, வீட்டில் பேசுவது ஒடியா என்று மில்லில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இல்லை. அவள் பேரே ஒரு வினையாகிவிட்டது. வந்த புதிதில் வருகை எடுக்கும்போது குனி என்று கூப்பிட்டால் வகுப்பு மொத்தமும் எழுந்து குனிந்தது, சிரித்துச் சிரித்துப் புரண்டது. அவளும் என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தானும் குனிந்தாள். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். ஊமை என்றார்கள். சத்துணவு அக்காவும் ஊமைப்புள்ள என்றுதான் தட்டில் போடுவார். ஊமை என்று அவர் சொல்கிறபோது குனியின் கண் ஒரு தடவை அவர் பக்கம் போய்த் திரும்பும், வார்த்தை தெரியாவிட்டாலும் தன்னைச் சொல்கிறார்கள் என்று தெரிந்த கண். அதைப் பார்க்கும்போது எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வரும். மெத்தை உறையின் பினாயில் வாசம் வரும். உள்ளே எவ்வளவு இருக்கிறதோ, யார் கண்டார்கள்.

"நவநீதா, வாசி சாமி." அவன் எழுந்து நான் செய்துகொடுத்த அட்டையைப் புத்தகத்தின் மேல் வைக்கிறான். அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டியிருக்கிறேன். மற்ற வரிகள் மறைந்துவிட்டால் எழுத்துகள் அவனுக்கு அவ்வளவாக ஓடுவதில்லை. நாய்... க்குட்டி... ப... பள்... பள்ளத்தில். வகுப்பு காத்திருக்கிறது, காத்திருக்கப் பழக்கியிருக்கிறேன். யாரும் அவனுக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது சட்டம். வீட்டில் அவர் எனக்கு எடுத்துக்கொடுப்பார். ஒரு நொடி நின்றால் போதும், பாலா, மோரா, சாவியா, பையா என்று ஒவ்வொன்றாக என் வாயில் திணிப்பார், பாசத்தில்தான், ஆனால் அவர் சொல்கிற ஒவ்வொரு தப்பு வார்த்தையும் நான் தேடுகிற வார்த்தையின் மேல் மண்ணைத் தள்ளும். விழுந்தது, என்கிறான் நவநீதன். நாய்க்குட்டி பள்ளத்தில் விழுந்தது. பாடத்தை நானே எழுதினேன், நாலே வரி, நாலு படம். குட்டி விழுகிறது, ஒரு பெண் பார்க்கிறாள், ஏணி கொண்டுவருகிறாள், குட்டி மேலே வருகிறது. வாசிக்க வராதவர்கள் படத்தை வரிசைப்படுத்தினால் போதும். போன வாரம் படங்களைக் கலைத்துக் குனியிடம் கொடுத்தேன். சரியாக அடுக்கினாள். நான் தலையசைப்பதற்குள் கலைத்துவிட்டு வேறு மாதிரி அடுக்கினாள். ஏணி வருகிற படத்தைக் கவிழ்த்து ஒதுக்கிவைத்தாள். என் பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்துக்கொண்டுபோய், மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டு வந்தாள். மழை. பள்ளம் நிறையத் தண்ணீர். குட்டி நீந்தி விளிம்புக்கு வந்துவிட்டது, மூக்கு மட்டும் மேலே. அதை ஏணி இருந்த இடத்தில் வைத்தாள். பள்ளத்து ஓரத்தில் நின்ற பெண்ணின் கையில் ஒன்றும் இல்லை, வேடிக்கை மட்டும் பார்க்கிறாள். குனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. சரியா என்று கேட்கவும் இல்லை. இப்படித்தான் நடந்தது என்று சொல்கிற முகம். அன்றிலிருந்து அந்த மூக்கு என்னை விடவில்லை. குளிக்கும்போது வருகிறது. பஸ்ஸில் கண்ணை மூடினால் வருகிறது. தண்ணீருக்கு மேலே மூக்கு மட்டும்.

காலையில் ஹெச்.எம். ஜெசிந்தா டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னிக்கு மத்தியானம் ஹசீனா மேடம் வர்றாங்க, சிறப்பாசிரியர். அந்த ஒடிசாப் புள்ளையப் பாத்துட்டு, புத்தி வளர்ச்சி குறைவுன்னு எழுதிட்டாங்கன்னா நல்லது. வாசிப்புத் தேர்வுல அவளக் கணக்குல எடுக்க மாட்டாங்க. நமக்கும் ஏச்சு வராது, அவளுக்கும் தொந்தரவு இல்ல. நீங்க க்ளாஸ் டீச்சர், நீங்க ஆமான்னு சொன்னாப் போதும்." கெட்டவர் இல்லை ஜெசிந்தா டீச்சர். குனிக்குத் தன் மகளின் பழைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து போட்டுவிட்டவர். ஆனால் ஒரு தடவை அப்படி எழுதிவிட்டால் அது கூடவே போகும், ஆறாம் வகுப்புக்குப் போகும், வேற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும், அவளிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், ஓரத்தில் ஒரு நாற்காலி கொடுத்துக் கலர் அடிக்கச் சொல்வார்கள். யோசித்து ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருக்கிறேன். இந்தப் பொண்ணுக்குப் புத்தியில குறையில்ல, மொழிதான் வேற. காலையிலிருந்து அதை உள்ளே உருட்டிக்கொண்டிருக்கிறேன். பிரேயரில் நிற்கும்போது சொன்னேன், கை கழுவும்போது சொன்னேன். மொழிதான் வேற. சொல்லச் சொல்லத் தேய்கிறது. மொழி, மொழி, மொழி என்றால் வெறும் சத்தமாகிவிடுகிறது, கிளி, குழி, விழி என்று பக்கத்து வார்த்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. வேண்டாம், இனி தொடாதே, அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். ஏணி போன மாதிரி அதுவும் போய்விட்டால்? இன்றைக்கு ஏன் ஏணி போனது? நேற்று மாத்திரை போட்டேனா? போட்டேன். மறுபடியும் வருகிறதா அது? இடது கையை மூடித் திறந்து பார்க்கிறேன், வலது கையை. சரியாகத்தான் இருக்கிறது. ஏ...ணி என்கிறான் நவநீதன், ஏணியைக் கொண்டு வந்தாள். வகுப்பு கை தட்டுகிறது. வாசல் பக்கம் திரும்புகிறேன், அங்கே நிழல்.

ஹசீனாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. தோளில் பெரிய பை, முகத்தில் வெயில். ஜெசிந்தா டீச்சர் பின்னாலேயே வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி முடித்ததும் குனியை முன்னால் அழைத்தார்கள். ஹசீனா அவள் உயரத்துக்கு முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "உன் பேர் என்ன கண்ணு?" குனி பேசவில்லை. "சாப்பிட்டியா? இன்னிக்கு முட்டை போட்டாங்களா?" பேசவில்லை. ஒரு பென்சிலைக் காட்டி, "இது என்ன?" என்றாள். குனி பென்சிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்படித்தாங்க மேடம், வருஷம் முழுக்க" என்றார் ஜெசிந்தா டீச்சர். "எது கேட்டாலும் இதே பார்வைதான். டீச்சரையே கேளுங்க. சொல்லுங்க தமயந்தி டீச்சர்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆரம்பித்தேன். "இந்தப் பொண்ணுக்குப் புத்தியில குறையில்லைங்க மேடம்." நன்றாக வந்தது, தெளிவாக, என் குரலிலேயே. "இவளோட" என்றேன். நின்றது. அடுத்த அடி வைக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. தெரியும், அது என்னவென்று தெரியும், அதைத்தான் இத்தனை வருஷம் நடத்தினேன், அதைத்தான் பேசுகிறோம், ஊருக்கு ஊர் வேறாக இருக்குமே, அது. "இவளோட" என்றேன் மறுபடியும். "இவளோட..." ஹெச்.எம். எடுத்துக்கொடுத்தார். "இவளோட அப்பாவா டீச்சர்? அம்மாவா? வீடா?" தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை, கொஞ்சம் சும்மா இருங்கள். காது இரைந்தது. மில் சத்தம் தலைக்குள் வந்துவிட்டது. நாக்கை வெளியே நீட்டி அதை விரலால் தொட்டுக் காட்டினேன். வகுப்பில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் அது வந்தது, படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து. "இவளோட நாளைக்கு" என்றேன். "நாளைக்கா? நாளைக்கு என்னங்க டீச்சர்?" "நாளைக்கு வேற." பிள்ளைகளுக்கு முன்னால். என் பிள்ளைகளுக்கு முன்னால். ஜெசிந்தா டீச்சரின் முகத்தில் அதே மாற்றம், அன்றைக்கு அடுப்படியில் வீட்டுக்காரர் முகத்தில் பார்த்தேனே, அதே. ஓடிப்போய்விடலாம் என்று கால் திரும்பியது. மேசை இடித்தது. மேசை மேல் அட்டைகள் இருந்தன. அவற்றை எடுத்தேன். எடுத்த வேகத்தில் ஒன்று கீழே விழுந்தது, குனி குனிந்து எடுத்துக்கொடுத்தாள். ஒவ்வொன்றாக ஹசீனா முன்னால் தரையில் வைத்தேன். விழுகிறது. பார்க்கிறாள். ஏணி. மேலே வருகிறது. பிறகு ஏணியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குனியின் மழையை வைத்தேன். குனியைத் தொட்டேன், மழையைத் தொட்டேன். இவள் செய்தது. ஹசீனா அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

அவள் எழுந்து என் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். "அக்கா" என்றாள், டீச்சர் என்று சொல்லவில்லை. "கையத் தூக்குங்க. ரெண்டும். இப்ப சிரிங்க." தூக்கினேன், சிரித்தேன், அழுகையோடு என்ன சிரிப்பு. "இதுக்கு முன்ன வந்திருக்கா?" தலையாட்டினேன். "எங்கப்பாவுக்கு வந்துச்சு. மாத்திரை போடறீங்களா?" தலையாட்டினேன். அவள் சத்தமாகப் பேசவில்லை, உடைத்துப் பேசவில்லை, கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். "முகம் கோணல, கையும் நல்லாருக்கு. ஆனாலும் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்" என்றாள். அப்புறம் ஹெச்.எம். பக்கம் திரும்பி, "இந்தப் புள்ளையப் பத்தி நான் இன்னிக்கு எதுவும் எழுதல டீச்சர். ஒடியா தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வந்து, அதுல கேட்டாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றாள். "மேல கேட்டா என்ன சொல்றது மேடம்?" "நான் சொல்லிக்கிறேன். இந்தப் படத்த நான் எடுத்துட்டுப் போறேன்." ஜெசிந்தா டீச்சர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "டைபாய்டுன்னீங்களே டீச்சர்" என்றார், கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "வீட்டுக்காரருக்கு போன் பண்ணிட்டேன், வந்துட்டிருக்காரு. நீங்க லீவு போடுங்க. டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், க்ளாஸ் எடுக்கலாம்னு. அப்புறம் பாத்துக்கலாம். தமிழ் எடுக்கறவங்க நீங்க..." மீதியை விட்டுவிட்டார். மீதி எனக்குத் தெரியும். எழுதிக்கொடுக்காவிட்டால்? எனக்கு அடுத்து வருகிறவர் நவநீதனின் ஜன்னல் அட்டையை எடுத்துப் போட்டுவிட்டு முழுப் பக்கத்தையும் வாசி என்பார். என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வேறு டீச்சர் என் வகுப்புக்குள் போனார், கதவு பாதி சாத்தப்பட்டது.

வெயில் சரிந்து பெஞ்சின் ஒரு பாதியில் விழுகிறது. மொழி. சட்டென்று வந்து நிற்கிறது, ஒன்றும் நடக்காததுபோல. மொழி, சொல்லிப் பார்க்கிறேன், சரியாகத்தான் வருகிறது. இனி யாருக்கு வேண்டும். மணி அடித்துப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், என்னைத் தாண்டும்போது மட்டும் நடக்கிறார்கள், சிலர் வேறு பக்கம் பார்க்கிறார்கள். என்னைக் கண்டு பயப்படுகிறார்கள். கேட்டுக்கு வெளியே வீட்டுக்காரரின் வண்டிச் சத்தமா? இல்லை, வேறு யாரோ. பெஞ்சு லேசாக அசைந்தது. குனி. பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நேராக மைதானத்தைப் பார்த்தபடி. நானும் மைதானத்தைப் பார்த்தேன். பிறகு அவள் பேசினாள். முதலில் யார் குரல் என்று தெரியவில்லை, திரும்பிப் பார்த்தேன், அவள் வாய்தான் அசைகிறது. கொஞ்சம் கரகரப்பான, நினைத்ததைவிடக் கனமான குரல். ஒரு வார்த்தை இல்லை, இரண்டு வார்த்தை இல்லை, தடுக்காமல் தயங்காமல் வந்துகொண்டே இருக்கிறது, ஏறி இறங்கி, நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கி, மறுபடியும். ஒன்றுமே எனக்குப் புரியவில்லை. போவு, போவு என்று ஒரு சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, அது ஆளா, ஊரா, ஏதாவது பயங்கரமா, தெரியவில்லை. கை ஒரு தடவை தண்ணீர் அளவைக் காட்டுவதுபோல் கழுத்துவரை உயர்ந்தது. நடந்ததைச் சொல்கிறாளா? யார் நீந்தினார்கள், யார் கரையில் நின்றார்கள்? அந்தக் கை அப்படியே மேலே போய்த் தலைமுடியை ஒதுக்கியது, ஒருவேளை அவ்வளவுதானோ, கழுத்தில் அரித்ததோ, சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறாளோ. கேட்க எனக்கு வழியில்லை. கேட்டுக்கு வெளியே வண்டி வந்து நின்றது, வீட்டுக்காரர் ஹெல்மெட்டோடு இறங்கி அவசரமாக உள்ளே வந்தார், என்னாச்சும்மா என்று தூரத்திலிருந்தே கேட்டார். அவரைப் பார்த்து, பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். குனி இன்னும் சொல்லி முடிக்கவில்லை.